உருளைக்கிழங்குச் சாற்றிடம் தோற்ற தடுப்பான்: மொரிஷியஸ் மேட்டு நிலத்தில் ஒரு பூஞ்சைச் சோதனை

பின்னணி

கியூர்பிப்பைச் சுற்றிய மேட்டு நிலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பயிரின் இலை முழுதாகக் காய்வதே அபூர்வம். தூறல் நின்றால் பனி, பனி விலகினால் மறுபடி தூறல். அங்கே பிளாஸ்டிக் கூடாரத்தில் தக்காளியும் (ஊர்ப் பேச்சில் பொம்தாமூர்) வெளிப்பாத்தியில் பீன்சும் போட்டுவரும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு இரண்டு நோய்கள் ஆண்டு தவறாமல் வந்தன. தக்காளியில் சாம்பல் பூசணம். பக்கக் கிளையை ஒடித்த காயத்தில் இறங்கித் தண்டைச் சுற்றிவிடும். இதை உண்டாக்குவது போட்ரைட்டிஸ் சினேரியா. பீன்ஸ் இலையில் துரு. அதற்குக் காரணம் யூரோமைசஸ் அப்பெண்டிகுலேட்டஸ். பழைய நூல்களில் இதையே யூரோமைசஸ் பேசியோலி என்று எழுதியிருப்பார்கள்.

கூடாரத்தில் பல பருவமாக ஒரே வகுப்பைச் சேர்ந்த மருந்தையே பெயர் மாற்றி மாற்றித் தெளித்திருக்கிறார்கள். டப்பாவின் நிறம் மாறியதே தவிர, மருந்து பூஞ்சையைத் தாக்கும் இடம் மாறவில்லை. போட்ரைட்டிஸ் இப்படிப்பட்ட பழக்கத்துக்கு வெகு சீக்கிரம் ஈடுகொடுத்துவிடும். மருந்து பிடிக்கவில்லை என்ற புகார் வந்ததில் வியப்பில்லை.

விவசாயியின் அக்கா மகள் தாவரவியலில் இறுதியாண்டு மாணவி. மாமாவின் தோட்டத்து நோயையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு ஆய்வகப் பொறுப்பாளரிடம் போனார். புழக்கத்தில் உள்ள மருந்துகள் தொடாத ஓர் இடத்தில் பூஞ்சையைத் தாக்க முடியுமா என்பதே கேள்வி. பூஞ்சை வளரத் தேவையான பாலிஅமைன் என்ற சிறு மூலக்கூறுகளின் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஒன்றை எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தடுப்பான் கை வைக்கும் இடம்

புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்றும் பாலிஅமைன்கள், அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட சிறு மூலக்கூறுகள். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டோடும் ஒட்டிக்கொள்பவை. ஸ்பெர்மிடினுக்குத் தனியாக ஒரு வேலையும் உண்டு. புரத உற்பத்திக்குத் தேவையான இ.ஐ.எஃப்.-5ஏ என்ற காரணிப் புரதம் செயல்பட அதில் ஹைப்பியூசின் என்ற மாற்றம் நடக்க வேண்டும். அதற்கான மூலப்பொருள் ஸ்பெர்மிடின்தான். இதற்கு மிகச் சிறு அளவே போதும். ‘மிகச் சிறு அளவே போதும்’ என்ற இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

பெரும்பாலான பூஞ்சைகள் புட்ரெசினை ஆர்னித்தினிலிருந்து ஒரே படியில் செய்துகொள்கின்றன. அந்தப் படியை நடத்தும் நொதி ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ், சுருக்கமாக ஓ.டி.சி. நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் இந்த நொதிக்கான மரபணு கெட்டுப்போன வகை, வெளியிலிருந்து பாலிஅமைன் கொடுக்காவிட்டால் வளராது. செடிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆர்ஜினினிலிருந்து அக்மாட்டின் வழியாகவும் அவை புட்ரெசின் செய்யும். அராபிடாப்சிஸ் செடியில் ஓ.டி.சி. மரபணுவே கிடையாது; இரண்டாம் வழியை நம்பியே அது வாழ்கிறது. எனவே ஓ.டி.சி.யை மட்டும் அடைத்தால் பூஞ்சை திணறும், செடி சமாளித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

ஓ.டி.சி.யை அடைக்க எடுத்த பொருள் ஆல்ஃபா-டைஃப்ளூரோமெத்தில்ஆர்னித்தின், அதாவது டி.எஃப்.எம்.ஓ. ஆர்னித்தின் என்று ஏமாந்து நொதி இதைப் பற்றுகிறது. வேலையைத் தொடங்கியதும் மூலக்கூறு நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்து அதை முடக்கிவிடுகிறது. எஃப்லோர்னித்தின் என்ற பெயரில் இது மனித மருந்தும்கூட; ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயிர்ப் பூஞ்சைகள் மீது இதன் விளைவை யேல் பல்கலைக்கழகத்தில் ராஜம், கால்ஸ்டன் ஆகியோர் 1985இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த பூஞ்சைகளில் போட்ரைட்டிஸ் சினேரியாவும் ரைசோக்டோனியா சொலானியும் உண்டு. அதே ஆண்டில் வைன்ஸ்டைனோடு சேர்ந்து, பீன்ஸ் துருவை 0.5 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) டி.எஃப்.எம்.ஓ. தடுத்ததையும் காட்டினார்கள்.

வேறு தடுப்பான்களும் பேச்சில் வந்தன. எம்.ஜி.பி.ஜி. அடுத்த படியான எஸ்-அடினோசைல்மெத்தியோனின் டிகார்பாக்சிலேசை அடைக்கும். ஆனால் அது மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுப்பதால், பூஞ்சை வளரவில்லை என்றால் எதனால் என்று சொல்ல முடியாது. சைக்ளோஹெக்சைலமீன் ஆவியாகக்கூடியது, அரிக்கும், தீப்பிடிக்கும். மாணவர் ஆய்வகத்துக்கு இரண்டும் ஏற்றவை அல்ல என்று ஒதுக்கப்பட்டன.

முதல் சுற்று: எதுவும் நடக்கவில்லை

தோட்டத்துத் தக்காளித் தண்டிலிருந்து போட்ரைட்டிசும், நாற்றங்காலில் அழுகிச் சாய்ந்த நாற்றிலிருந்து ரைசோக்டோனியாவும் பிரித்தெடுக்கப்பட்டன. இரண்டுமே வேகமாகப் பரவுபவை, 9 செ.மீ. வளர்ப்புத் தட்டைச் சில நாட்களில் நிரப்பிவிடும்.

பூஞ்சைக்கு உணவான ஊடகமாக ஆய்வகத்தில் எப்போதும் கைவசம் இருக்கும் பி.டி.ஏ., அதாவது உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் அகார், எடுக்கப்பட்டது. லிட்டருக்கு 200 கிராம் கிழங்கை வேகவைத்து வடித்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், கூழாக உறைய வைக்க 15 கிராம் அகார். டி.எஃப்.எம்.ஓ. 0.1, 0.5, 1 மில்லிமோலார் அளவுகளில் கலக்கப்பட்டது. ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து தட்டுகள், தட்டுக்கு 20 மி.லி. ஊடகம். மூன்று நாள் வயதான வளர்ப்பின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. துளைப்பானால் வெட்டிய துண்டு, பூஞ்சை கீழ்ப்பக்கம் பார்க்க நடுவில் வைக்கப்பட்டது. வெப்பம் 22 டிகிரி.

மூன்றாம் நாள் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருந்தன. 1 மில்லிமோலார் தட்டில் விளிம்பு ஓரிரு மி.மீ. பின்தங்கியிருந்தது. அந்த வேறுபாடு ஒரே அளவு மருந்துள்ள ஐந்து தட்டுகளுக்குள்ளேயும் இருந்ததால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. அளவை 5 மில்லிமோலாருக்கு ஏற்றியும் பார்த்தார்கள். 100 மி.லி. ஊடகத்துக்கு 91 மி.கி. செலவானதுதான் மிச்சம்.

பிழை தேடிய வரிசை

பொறுப்பாளர் முதலில் மருந்தைச் சந்தேகித்தார், பிறகு கைவேலையை, கடைசியாகத்தான் ஊடகத்தை. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. ஆனால் இந்த வரிசையால்தான் இரண்டு உண்மையான பிழைகளும் வெளியே வந்தன.

முதல் பிழை நிறுப்பதில். டி.எஃப்.எம்.ஓ.வின் மூலக்கூறு எடை 182.17. ஆனால் குப்பியில் இருந்தது ஹைட்ரோகுளோரைடு உப்பின் ஒற்றை நீரேறிய வடிவம். அதன் எடை 236.65. மாணவி முதல் எண்ணை வைத்து 10 மி.லி. நீரில் 182 மி.கி. கரைத்து 100 மில்லிமோலார் என்று எழுதியிருந்தார். உண்மையில் அது 77. அதாவது 1 என்று ஒட்டியிருந்த தட்டில் இருந்தது 0.77தான். குப்பியின் சீட்டில் உள்ள எடையைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். பாடநூலில் உள்ள எடை பெரும்பாலும் உப்பில்லாத வடிவத்துக்கு உரியது.

இரண்டாவது, மருந்தை ஊடகத்தோடு சேர்த்தே ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கலம்) வைத்தது. 121 டிகிரியில், சர்க்கரையும் இருக்கும் ஊடகத்தில், ஓர் அமினோ அமில வழிப்பொருள் எவ்வளவு மிஞ்சியது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனவே மருந்து கரைசல் தனியே தயாரிக்கப்பட்டு, 0.22 மைக்ரான் ஊசிக்குழல் வடிகட்டியில் வடித்து, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பின் சேர்க்கப்பட்டது.

இரண்டையும் சரிசெய்து பி.டி.ஏ.வில் மறுபடி செய்தார்கள். விளைவு அதேதான்.

மூன்றாவதாக மாணவி 1985ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்ப எடுத்து, முடிவைத் தள்ளிவைத்துவிட்டு முறையை மட்டும் படித்தார். சோதனை நடந்தது வரையறுத்த ஊடகத்தில். அதாவது ஒவ்வொரு பொருளும் இன்னது, இவ்வளவு என்று தெரிந்த ஊடகம். கிழங்குச் சாறு அப்படிப்பட்டதல்ல. உருளைக்கிழங்கு உயிருள்ள திசு. அதில் புட்ரெசினும் ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் இருக்கின்றன. சாற்றை வடித்து ஊற்றியபோது, எந்தப் பொருளைச் செய்யவிடாமல் பூஞ்சையைத் தடுக்கப் பார்த்தார்களோ அதையே தட்டு நிறையப் பரிமாறியிருக்கிறார்கள். டி.எஃப்.எம்.ஓ. தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். சமையல்கட்டை மூடிவிட்டு வாசலில் பந்தி வைத்த கதை. ஈஸ்ட் சாறு, பெப்டோன், மால்ட் சாறு எதைச் சேர்த்தாலும் இதே சிக்கல் வரும்.

இரண்டாம் சுற்று: சாபெக்-டாக்ஸ்

புதிய ஊடகம் சாபெக்-டாக்ஸ் என்ற வரையறுத்த ஊடகம். லிட்டருக்கு: சுக்ரோஸ் 30 கிராம், சோடியம் நைட்ரேட் 3 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் (ஏழு நீரேறியது) 0.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.5 கிராம், இரும்பு சல்பேட் 0.01 கிராம், அகார் 15 கிராம். தழைச்சத்து நைட்ரேட்டாக மட்டுமே கிடைக்கிறது. பூஞ்சை தனக்கு வேண்டிய அமினோ அமிலத்தையும் பாலிஅமைனையும் தானே செய்தாக வேண்டும். அகார் மலிவான சமையல் வகையாக இருக்கக் கூடாது, தூய்மைப்படுத்தியதாக இருக்க வேண்டும்.

மருந்து சேர்த்த விதம்: 100 மில்லிமோலார் கரைசலுக்கு 10 மி.லி.யில் 236.65 மி.கி. உப்பு, காரத் துளிகளால் கிட்டத்தட்ட நடுநிலைக்குக் கொண்டுவரப்பட்டது. 99 மி.லி. ஊடகத்துக்கு 1 மி.லி. சேர்த்தால் 1 மில்லிமோலார். குறைந்த அளவுகளுக்கு 0.5, 0.1 மி.லி. எடுத்து, கிருமிநீக்கிய நீரால் 1 மி.லி. ஆக்கிச் சேர்த்தார்கள். மருந்தில்லாத ஒப்பீட்டுத் தட்டுக்கும் 1 மி.லி. நீர். இப்படிச் செய்தால் எல்லாத் தட்டிலும் ஊடகம் ஒரே அளவு நீர்த்திருக்கும். கரைசலை முதலில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடி ஊற்றினால் ஊற்றிய இடத்தில் அகார் கட்டிதட்டும்.

இங்கே இன்னொரு கசிவு அடைக்கப்பட்டது. நடும் துண்டு பி.டி.ஏ.விலிருந்து வந்தால், துண்டோடு கிழங்குச் சாறும் வரும். பூஞ்சை இழைக்குள் சேர்த்துவைத்த பாலிஅமைனும் வரும். ஆகவே இரண்டு பூஞ்சைகளும் மருந்தில்லாத சாபெக்-டாக்ஸில் அடுத்தடுத்து இருமுறை வளர்க்கப்பட்ட பிறகே துண்டு வெட்டப்பட்டது. பொறுப்பாளர் இதற்கு ‘பட்டினி போடுவது’ என்று பெயர் வைத்தார். ஆய்வகத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஜனவரியில் முதல் தொகுதி நடப்பட்ட மறுநாள் புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறியது. கட்டடம் பூட்டப்பட்டது, மின்சாரமும் போனது. திறந்து பார்த்தபோது வளர்ப்புப் பெட்டியின் வெப்பமானி 31 காட்டியது. அந்த வெப்பம் எத்தனை மணி நேரம் இருந்தது என்று பதிவில்லை. போட்ரைட்டிசுக்கு 20 டிகிரிப் பக்கம்தான் வசதி, 30ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட நின்றுவிடும். ரைசோக்டோனியா அதே வெப்பத்தில் நன்றாகவே பரவும். ரைசோக்டோனியா தட்டுகளில் வேறுபாடு அழகாகத் தெரிந்ததால், அவற்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று மாணவி கேட்டார். பொறுப்பாளர் மறுத்தார். எந்த வெப்பத்தில் வளர்ந்தது என்று சொல்ல முடியாத தட்டை இன்னொரு நாள் நடந்த தட்டோடு ஒப்பிட முடியாது. நல்ல விடை தருகிறது என்பதற்காக ஒரு தொகுதியை வைத்துக்கொள்ளத் தொடங்கினால், பிடிக்காத விடை தரும் தொகுதியை வீசவும் காரணம் கிடைத்துவிடும். எல்லாத் தட்டும் ஆட்டோகிளேவுக்குப் போயின.

மறுபடி நடும்போது, அளவெடுக்க வேண்டிய மூன்றாம் நாள் தைப்பூசக் காவடி விடுமுறையில் விழாதபடி இரண்டு நாள் தள்ளி நட்டார்கள். சிறு விஷயம்தான். ஆனால் வேகமாக வளரும் பூஞ்சையில் ஒரு நாள் தவறினால், ஒப்பீட்டுத் தட்டின் விளிம்பு கண்ணாடியைத் தொட்டு நின்றுவிடும். மருந்துத் தட்டு பின்னால் வந்து அதை எட்டிப் பிடிக்கும். தடுப்பு குறைந்தது போலத் தோன்றும்.

இம்முறை வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாம் நாள் போட்ரைட்டிஸ் வளர்ப்பின் விட்டம் ஒப்பீட்டுத் தட்டில் சராசரி 65 மி.மீ., 1 மில்லிமோலார் தட்டில் 45 மி.மீ. இங்கே கணக்கில் ஒரு கண்ணி உண்டு. இரண்டு எண்ணிலும் நட்ட துண்டின் 5 மி.மீ. சேர்ந்திருக்கிறது, அது வளர்ச்சி அல்ல. கழிக்காமல் கணக்கிட்டால் தடுப்பு 31 விழுக்காடு, கழித்தால் 33. இங்கே வேறுபாடு சிறிது. மெதுவாக வளரும் பூஞ்சையில் இதே 5 மி.மீ. முடிவையே மாற்றிவிடும். ரைசோக்டோனியா இதைவிடக் கூடுதலாகக் கட்டுப்பட்டது. 0.1 மில்லிமோலாரில் இரண்டின் வளர்ச்சியும் குறையவில்லை.

விட்டம் மறைத்தது

மூன்றில் ஒரு பங்கு தடுப்பு என்பது மோசமில்லை, பெரிதும் இல்லை. ஆனால் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது மருந்துத் தட்டின் வளர்ப்பு வெறும் வலை போல இருந்தது. ஒப்பீட்டுத் தட்டில் பஞ்சு மெத்தை. மருந்துத் தட்டில் அகாரோடு ஒட்டிய மெல்லிய இழைகள், கிளைகளும் குறைவு. ஊட்டம் குறைந்த பூஞ்சை தேடிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடும், உடம்பு வைக்காது. அளவுகோலுக்கு ஓட்டம் மட்டும்தான் தெரியும்.

எனவே அகார் இல்லாத சாபெக்-டாக்ஸ் திரவத்தில், 250 மி.லி. குடுவைக்கு 50 மி.லி. வீதம், ஏழு நாள் வளர்த்து உலர் எடை எடுக்கப்பட்டது. முன்னதாக உலர்த்தி நிறுத்த வடிதாளில் வடித்து, நீர் விட்டுக் கழுவி, 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துவது முறை. முதல் முறை நட்ட அகார் துண்டுகளும் பூஞ்சையோடு காய்ந்து எடையில் சேர்ந்துவிட்டன. பூஞ்சை குறைவாக உள்ள குடுவையில்தான் இந்தப் பிழை பெரிதாகப் படும்; அதாவது தடுப்பைக் குறைத்துக் காட்டும். அடுத்த முறை துண்டுக்குப் பதில், திரவத்தில் வளர்த்த பூஞ்சையைக் கிருமிநீக்கிய நீரில் நறுக்கிக் கலக்கி, குடுவைக்கு 1 மி.லி. வீதம் விட்டார்கள். 1 மில்லிமோலாரில் போட்ரைட்டிசின் உலர் எடை ஒப்பீட்டுக் குடுவையில் பாதிக்கும் கீழே இறங்கியது. விட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

மீட்புச் சோதனை

வளர்ச்சி குறைந்தது ஓ.டி.சி. அடைபட்டதால்தானா, அல்லது மருந்து வேறு எங்காவது நஞ்சாக வேலை செய்ததா? இதைச் சொல்லும் சோதனை மலிவானது. ஆனால் பலர் செய்வதில்லை. 98 மி.லி. சாபெக்-டாக்ஸில் 1 மி.லி. மருந்துக் கரைசலும், 10 மில்லிமோலார் புட்ரெசின் கரைசல் 1 மி.லி.யும் சேர்க்க வேண்டும். புட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 161.07, 10 மி.லி.க்கு 16.1 மி.கி. போதும். தட்டில் இருப்பது 1 மில்லிமோலார் மருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு புட்ரெசின்.

பஞ்சு மெத்தை திரும்ப வந்தது. இரண்டு பூஞ்சையும் ஒப்பீட்டுத் தட்டுக்கு இணையாக வளர்ந்தன. தடுப்பானின் வேலை ஓ.டி.சி.யில்தான் என்பதற்கு இது நல்ல சான்று. கூடவே, பி.டி.ஏ. தட்டுகள் மருந்துக்கு ஏன் அசையவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. பத்தில் ஒரு பங்கு போதுமென்றால், ஒரு லிட்டரில் 200 கிராம் கிழங்கின் சாறு தாராளம். புட்ரெசின் மட்டும் சேர்த்த தட்டும் அவசியம், இல்லாவிட்டால் மீட்சி எது, தூண்டுதல் எது என்று பிரிக்க முடியாது. முதல் தடவை அந்தத் தட்டு விடுபட்டு, பின்னால் தனியே செய்யப்பட்டது.

இலைமேல்

தட்டில் வேலை செய்தது செடியில் செய்யுமா? பத்து நாள் பீன்ஸ் நாற்றுகளின் முதல் இரு தனியிலைகளில் 0.5 மில்லிமோலார் கரைசல் தெளிக்கப்பட்டது. 100 மி.லி.க்கு 11.8 மி.கி. மருந்து, இலையில் படிய ட்வீன் 20 என்ற ஒட்டுப் பொருள் 0.01 விழுக்காடு. துரு வித்துகளை நீரில் கலந்து தெளித்து, தொட்டிகளை ஈரப் பிளாஸ்டிக் பையால் மூடி ஒரு இரவு இருட்டில் வைத்தார்கள். ஒரு தொகுதிக்கு நோய் ஏற்றுவதற்கு முந்தைய நாள் மருந்து, ஒன்றுக்கு மூன்று நாள் கழித்து, ஒன்றுக்கு ஐந்து நாள் கழித்து.

முதல் இரண்டு தொகுதிகளிலும் பத்தாம் நாள் வரை பொட்டுகள் அரிதாகவே வந்தன. ஐந்து நாள் கழித்துத் தெளித்தவற்றில் துருக் கொப்புளங்கள் வெடித்தன, ஒப்பீட்டை விடச் சற்றுக் குறைவு. 1985இல் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. நோய் ஏறி மூன்று நாளுக்குள் தெளித்தால் முழுப் பலன், தாமதித்தால் பாதிப் பலன்.

தக்காளி இலையில் கதை வேறு. பறித்த இலைகளில் மருந்து தெளித்து, பட்டினி போட்ட போட்ரைட்டிஸ் துண்டு வைக்கப்பட்டது. இரண்டாம் நாள் மருந்திட்ட இலையில் புண் சிறிதாக இருந்தது. நான்காம் நாள் வேறுபாடே இல்லை. துரு உயிருள்ள செல்லுக்குள் குழாய் விட்டு உறிஞ்சும் பூஞ்சை, அது செல்லைக் கொல்லாது. போட்ரைட்டிஸ் முதலில் திசுவைக் கொன்று, கசிந்த சாற்றைத் தின்னும். அந்தச் சாற்றில் தக்காளி செய்துவைத்த பாலிஅமைன் எல்லாம் இருக்கும். அழுகிய இலை, போட்ரைட்டிசைப் பொறுத்தவரை, இன்னொரு பி.டி.ஏ. தட்டு. இது தட்டுகளிலிருந்து எடுத்த விளக்கம்தான். புண்ணுக்குள் பாலிஅமைன் அளவு அளக்கப்படவில்லை. ஆனால் இரண்டு பூஞ்சைகளும் நேரெதிராக நடந்துகொண்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்கு என்ன சொல்லப்பட்டது

“தெளிக்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லும்மா” என்று மாமா கேட்டார். வேண்டாம் என்பதே பதில். அதற்குக் காரணங்கள் பல. 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஒரு முறை நிரம்ப 0.5 மில்லிமோலாருக்கு 1.9 கிராம் மருந்து வேண்டும். ஆய்வகத்துக்கு அது மில்லிகிராம் கணக்கில் வரும் பொருள். பயிர் மருந்தாகப் பதிவு பெறாத, மனித மருந்தாகப் புழங்கும் ஒன்றை விற்பனைக்குப் போகும் காய்மேல் தெளிக்கக் கூடாது. மொரிஷியஸில் 2018ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பதில் இதுவே. தக்காளிக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. செடிக்கு இரண்டு வழி என்ற கணக்கு எல்லா உறுப்புக்கும் பொருந்தாது. தக்காளிக் காய் பிடிக்கும் முதல் நாட்களில் சூலகத்தில் செல் பெருகுவது ஓ.டி.சி. வழியையே பெரிதும் சார்ந்தது. பூத்த செடியில் தெளித்தால் பூசணத்தோடு காயும் நிற்கும்.

அதற்குப் பதிலாகக் கூடாரத்தில் மாறியவை: பக்கத் திரைகளைக் காலை ஏழு மணிக்கே உயர்த்துவது, கீழ் இலைகளைத் தண்டோடு ஒட்ட, குச்சி மிஞ்சாமல் நீக்குவது, அதையும் இலை காய்ந்த வேளையில் மட்டும் செய்வது, நோய்ப்பட்ட காயையும் தண்டையும் பையில் போட்டு வெளியே கொண்டுபோவது, சொட்டுநீரைக் காலையோடு நிறுத்துவது. மருந்து வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் வகுப்பு எண்ணைப் பார்த்து மாற்றுவது. பீன்சில் வரிசை இடைவெளி கூடியது. பாத்தியோரம் தானாக முளைத்த பழைய செடிகள் பிடுங்கப்பட்டன, துரு அவற்றில்தான் அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தது. அடுத்த குளிர்காலத்தில் தண்டு சுற்றிச் சாய்ந்த செடிகள் கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்தன. அந்த ஆண்டு மழையும் குறைவு, எனவே முழுப் பெயரும் திரைகளுக்குப் போகாது.

அடுத்த முறை மாறுபவை

சோதனை தொடங்கும் முதல் வாரத்திலேயே மீட்புத் தட்டு செய்யப்படும். அதற்கான புட்ரெசின் 16 மி.கி.தான், அது வாரக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தியிருக்கும். பட்டினி போட்ட வளர்ப்புகள் எப்போதும் கைவசம் இருக்கும், பி.டி.ஏ.விலிருந்து நேரே துண்டு வெட்டுவதில்லை. விட்டமும் உலர் எடையும் சேர்ந்தே எடுக்கப்படும். கரைசல் குப்பியில் செறிவோடு உப்பு வடிவமும் கணக்குக்கு எடுத்த மூலக்கூறு எடையும் எழுதப்படும். வளர்ப்புப் பெட்டிக்குள் குறைந்த-கூடிய வெப்பம் காட்டும் வெப்பமானி வைத்தாயிற்று. நவம்பர் முதல் மே வரை, வானிலை அறிவிப்பு பார்க்காமல் தட்டு நடுவதில்லை.

போட்ரைட்டிசை விட்டுவிட்டு, உயிருள்ள இலையை நம்பி வாழும் பூஞ்சைகளில் வேலை தொடர்கிறது. வரிசையில் அடுத்தது வெள்ளரி இலைச் சாம்பல் நோய். அதைத் தட்டில் வளர்க்கவே முடியாது, எனவே ஊடகத் தொல்லை இல்லை. இலைக்குள் உள்ள பாலிஅமைனை எப்படி அளப்பது என்பதுதான் இப்போது மேசைமேல் இருக்கும் கேள்வி.